ஜெர்ரி கேன் ஸ்டாண்டு சொந்தமா அடிச்சவங்க வாங்க, என்ன ஆச்சுன்னு சொல்லுங்க

ரெண்டு வருஷம் முன்னாடி வண்டியோட பின்கதவுல 20 லிட்டர் ஜெர்ரி கேனுக்கு (எக்ஸ்ட்ரா பெட்ரோல் கொண்டு போற இரும்பு கேன்) நானே ஒரு ஸ்டாண்டு அடிச்சேன். ஸ்டாண்டு இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு, கதவுதான் போச்சு. நீங்களும் நீங்க பண்ண கூத்த எழுதுங்க.

25க்கு 25, 3 எம்எம் கனமுள்ள ஆங்கிள்ல (எல் வடிவ இரும்பு) அடிச்சட்டம், மேல சுத்தி ஒரு பட்டை, கேன் எகிறாம இருக்க ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கற பட்டை). அவ்ளோதான் ஐடியா. முதல் சொதப்பல் அளவுல. கேன் கிட்டத்தட்ட 470 எம்எம் உயரம், 345 அகலம், 165 கனம், நானும் அதே அளவுக்கு கச்சிதமா வெட்டிட்டு பெருமையா வேற பாத்துட்டு இருந்தேன். வெல்டு ஆறும்போது இரும்ப இழுக்கும்னு தெரியாதவனா நான்? தெரிஞ்சும் மூலைக்கு மூலை ஒரே மூச்சுல ஓட்டித் தள்ளிட்டேன். பெயிண்டும் காஞ்சப்புறம் கேன் உள்ள போகவே மாட்டேங்குது. தட்டி இறக்கினா வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. திரும்ப கிரைண்டர்ல அறுத்து, சுத்தி 5 எம்எம் இடம் விட்டு, டேக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் வெச்சு கேன போட்டுப் பாத்து (புது கேன், சொட்டு பெட்ரோல் படாதது, வெல்டு பண்றப்போ அதையும் தள்ளி வெச்சிட்டேன்), எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முடிச்சேன். மிச்ச இடைவெளிக்கும் அடியிலயும் ரப்பர் ஷீட்.

இப்ப கதவு. பெட்ரோல் லிட்டருக்கு சுமார் முக்கால் கிலோ, அதுவே 15 கிலோ, கேன் 4 கிலோவுக்கு மேல, ஸ்டாண்டு இன்னொரு 4, இது எல்லாம் ஏற்கனவே ஸ்டெப்னி தொங்கிட்டு இருக்கற கதவுல. நின்ன வண்டில அது வெறும் எடை, பள்ளத்துல இறங்கி குதிக்கறப்போ அதே கனம் ரெண்டு மூணு மடங்கா கதவோட கீல் மேல இழுக்கும். நாலு மாசத்துல கதவ கொஞ்சம் தூக்கி சாத்த வேண்டியதாச்சு. நான் என்னமோ லாக்குல கோளாறுன்னு எண்ணெய் விட்டுட்டே இருந்தேன். ஒருநாள் வண்டி கழுவறப்போதான் பாத்தேன், கீலுக்கு பக்கத்து தகட்டுல மயிரிழை மாதிரி ஒரு கீறல், விரலால அமுக்கினா திறந்து மூடுது. இப்ப சேசிஸ்ல போல்ட்டான பின் பம்பர்ல தனி ஆர்ம் போட்டு அதுல கேன். கதவுக்கு வைத்தியம் தனிக்கதை.

* * *

அதே வியாதிதான் ப்ரோ, எனக்கு பிக்கப்போட சைடு தகடு. நாலு எம்8 போல்ட்டு (8 எம்எம்), பின்னாடி சின்ன வாஷர். போல்ட்டு உடையல, தகடு வாஷரோட சேர்ந்து கிழிஞ்சு வந்துச்சு. இப்ப உள்பக்கம் முழு அகலத்துக்கு 4 எம்எம் பட்டை குடுத்து நைலாக் நட்டு (அதிர்வுல கழலாதது). துளை போட்ட எடத்துல பிரைமர் அடிங்க, நான் மறந்து ரெண்டே மழையில அங்க துரு பூத்துடுச்சு.

* * *

ரப்பர் போட்டேன்னு சொன்னீங்களே, அத எடுத்து ஒருக்கா பாருங்க. எனக்கு ஆனது இதுதான்: ஒரு நீளமான ட்ரிப்ல பின்சீட்டுல இருந்த பையன் "பெட்ரோல் வாசன வருதுப்பா"ன்னான், மூடிதான் லூஸுன்னு இறுக்கிட்டு கிளம்பிட்டேன், மறுபடியும் வாசன, கடைசில எறங்கி கேன தூக்கினா அடில ஈரம். ரப்பருக்கும் கேனுக்கும் நடுவுல மணல் பூந்து, வண்டி அதிர அதிர உப்புத்தாள் போட்டு தேய்ச்ச மாதிரி பெயிண்ட தின்னு தகட்டையும் தின்னு ஊசிமுனை அளவு ஓட்ட. பெட்ரோல் ஆவி காத்தவிட கனம், கீழயே தவழும், அதுக்கு பக்கத்துலயே சைலென்சர். இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது. அன்னிலேருந்து அடில முழு ஷீட்டே கிடையாது, துண்டு துண்டா ஒட்டி, நடுவுல தண்ணியும் மணலும் எறங்க துளை.

* * *

எங்கிட்ட ஸ்டாண்டு ரொம்ப நல்லா இருந்ததுதான் பிரச்சன. திருட்டு பயத்துல பூட்டு, குறுக்குக் கம்பி, அதுக்கு மேல ரெண்டு நட்டு. கேன கழட்ட பத்து நிமிஷம், அதனால சோம்பேறித்தனமா ஸ்டாண்டுல வெச்சே பெட்ரோல் நிரப்பினேன். பங்க்ல ஒரு பெரியவர் பிடிச்சு ஏசிட்டாரு. கேன் அடில ரப்பர், சுத்தி பெயிண்டு, அப்ப பெட்ரோல் பாயறப்போ உண்டாகற ஸ்டேடிக் தரைக்கு எறங்க வழியே இல்ல, ஒரு பொறி போதும். தரையில வெச்சு, நாசில் கேன் வாய தொட்டுட்டே இருக்கணும்னு சொல்லி அனுப்பினாரு. அன்னிக்கே நட்டெல்லாம் கழட்டிட்டு ஒரே கொக்கி பூட்டு போட்டேன்.

இன்னொண்ணு, பெல்ட்ட நடுவயித்துல இறுக்காதீங்க. இந்த கேன் 1930கள்ல ஜெர்மனி ராணுவத்துக்காக வந்த டிசைன், பக்கவாட்டுல அந்த பெருக்கல் குறி சும்மா அழகுக்கு இல்ல, தகட்டுக்கு பலம், உள்ள இருக்கறது சூடாகி உப்பினாலும் தாங்கும். 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். அதுக்குத்தான் மேல காத்துக்கு இடம் விட்டிருக்கான், அதையும் வாய் வரைக்கும் நிரப்பறவங்கள என்ன சொல்ல.

* * *

எல்லாருமா சேந்து என் ரப்பரையே திட்டறீங்களேன்னு இப்பதான் டார்ச் எடுத்துட்டு போய் ஷீட்ட உரிச்சேன். அடில கைப்பிடி மணல், இன்னும் ஈரமா. கேன் அடியில காலணா அளவு பெயிண்ட் காணோம், ஓட்ட விழல. பெட்ரோல வண்டி டேங்குக்கு மாத்திட்டேன், ஸ்டாண்டுல துளை போடறது நாளைக்கு. கீல் ஃபோட்டோவும் நாளைக்கே.