துபாய் போக இரண்டே முக்கால் மணி, திரும்பி வர ஐந்தரை மணியா?

கேள்வி – கீழக்கரைவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் வேலை பார்க்கும் தம்பியைக் காண அடுத்த மாதம் உம்மாவை அழைத்துச் செல்கிறேன். சென்னையில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் துபாயைப் பகல் 12.45-க்கு அடைவதாகவும், அங்கிருந்து காலை 10.00 மணிக்குக் கிளம்பினால் சென்னை சேர மாலை 3.30 ஆகும் என்றும் பயணச்சீட்டில் இருக்கிறது. விரல்விட்டு எண்ணிப் பார்த்த உம்மா, "போற வழி கிட்டம், வர்ற வழி தூரமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால், உண்மையான பயண நேரத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் – தேவிபட்டினத்தான்:
வ அலைக்கும் ஸலாம். வழி ஒன்றுதான், வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். நம் நாட்டு நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையையும், துபாயின் நேரம் 60 பாகையையும் ஒட்டி அமைந்தவை. பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்பதால், இடையிலுள்ள 22.5 பாகைக்கு ஒன்றரை மணி வித்தியாசம். போகும்போது அதைக் கூட்டினால் நாலே கால் மணி, வரும்போது கழித்தால் நான்கு மணி. உம்மாவின் கைக்கடிகாரத்தைத் துபாயில் இறங்கும்வரை மாற்றாதீர்கள். சாப்பாட்டு நேரம் குழம்பாது.

பதில் – பாம்பன் கரை:
மிச்சமிருக்கும் அந்தக் கால் மணி பெரும்பாலும் காற்றின் வேலை. கச்சானை, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை, எதிர்த்து வள்ளம் ஓட்டியவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு வழி நெடுக 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், இந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 மணி 50 நிமிடமும், அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 3 மணி 10 நிமிடமும் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் இறங்கக் காத்திருப்பதும் இதற்கு மேல். குளிர்காலத்தில் அரபுநாட்டுப் பக்கம் உயரத்தில் மேற்குக் காற்று வலுவாக இருக்கும். ஆனால் ஆடியில், கீழே கச்சான் மணலை வாரியடிக்கும்போதே, தென்னிந்தியாவின் மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். கரையில் நின்று பார்த்தால் நம்பவே முடியாது.

பதில் – தேவிபட்டினத்தான்:
இன்னொன்று: சென்னையிலிருந்து சிங்கப்பூரும் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர்தான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுவதால், காலை 10.00 மணிக்குக் கிளம்பி நாலே கால் மணி பறப்பவர் மாலை 4.45-க்குத்தான் இறங்குவார். சபூராளிகள் (பிழைப்புக்காகக் கடல் கடந்து போய்வருபவர்கள்) நிறைந்த உங்கள் ஊரில் இதை அனுபவத்தில் அறிந்தவர் பலர் இருப்பார்கள்.

கீழக்கரைவாசி:
மிக்க நன்றி. உம்மாவிடம் சொன்னேன். "நாலு மணி நேரம் கடலைத் தாண்ட, அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் சென்னைக்கா?" என்கிறார். மதுரையிலிருந்தும் துபாய் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர்தான் என்பதால், அங்கிருந்து நேரடி விமானம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.