முயலுக்குப் பழம் எவ்வளவு கொடுக்கலாம்?

எங்கள் முயலுக்கு ஒன்றரை வயது, எடை 2 கிலோ. வாழைப்பழத் தோலை உரிக்கும் சத்தம் கேட்டால் போதும், காலைச் சுற்றிச் சுற்றி வரும். மனம் கேட்காமல் தினமும் இரண்டு மூன்று துண்டுகள் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

இப்போது உலர்புல்லை அரைகுறையாகத்தான் கடிக்கிறது. வழக்கமாகத் தானே தின்றுவிடும் மென்மையான கழிவு, திராட்சைக் கொத்துப் போல் கூண்டில் ஒட்டிக் கிடக்கிறது. சர்க்கரை மிகுந்து குடல் கெட்டிருக்கும் என்று நினைத்துப் பழத்தை நேற்றே நிறுத்திவிட்டேன். சாப்பிடுவதை அடியோடு நிறுத்தினால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது தெரியும். அந்த நிலை வரவில்லை.

மீண்டும் பழம் கொடுக்க எத்தனை நாள் பொறுத்தீர்கள்? வாரம் இரு முறை, விதை நீக்கிய ஆப்பிள் ஒரு தேக்கரண்டி சரியா? தோலையும் சீவ வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.