புதுப்பிப்பு: ஆல்டர்னேட்டர் பக்கம் வந்த சத்தம் நின்றது

காரில் ஏற்காடு ஏறும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் பெல்ட்டால் சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) பக்கம் கிறீச் சத்தமும் கூடவே ஒரு உறுமலும் வருகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. ஏசி போட்டுக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறியாயிற்று, சத்தமே இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கம், கையைத் தள்ளி வைத்து, தண்ணீர் தெளித்தோம். கிறீச் கூடியது. அப்படிக் கூடினால் பெல்ட் தளர்வு. சற்று அடங்கித் திரும்ப வந்தால் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேராக இல்லை என்று பொருள்.

உறுமலுக்கு விடை தந்தது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றச் சொன்ன அண்ணனின் யோசனைதான். ஆல்டர்னேட்டர் ஆட்டமில்லாமல் வழுவழுவென்று சுற்றியது. எதிர்பாராத விதமாக, கரகரத்தது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) உருளையின் பேரிங்! அதன் ஸ்பிரிங்கும் வலுவிழந்திருந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் உறுமல் போயிருக்காது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் பெல்ட், டென்ஷனர் இரண்டையும் மாற்றினேன். கழற்றும் முன் பெல்ட் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது மிகவும் உதவும். அப்புறம், எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய பேட்டரியில் அளந்தபோது 14.2 வோல்ட், அதாவது சார்ஜ் சரியாக ஏறுகிறது. ஆல்டர்னேட்டர் அதேதான், மாற்றவில்லை.