கீழ்வாலைப் பாறையில் நான் ஊற்றிய தண்ணீர்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் நாலு பேர் பைக்கில் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்குப் போனோம். அங்கே பாறையில் ஆதிமனிதன் வரைந்த செங்காவி ஓவியங்கள் உச்சி வெயிலில் மங்கிக் கிடந்தன, படம் எடுத்தால் வெறும் பாறைதான் விழுந்தது. பாட்டில் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். குப்பென்று சிவப்பு எழுந்து வந்தது. இன்னும் தெளியட்டும் என்று கைக்குட்டையால் துடைக்கவும் செய்தேன்.

ரொம்ப வருஷம் கழித்து, பாறை ஓவிய நிறமிகளை ஆராயும் ஓர் அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாறையின் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறுவது குறைகிறது, அதனால்தான் நிறம் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் காயும்போது உள்ளேயிருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து வெள்ளைப் படலமாக விட்டுவிட்டுப் போகிறது, படம் முன்னைவிட மங்குகிறது, அடுத்து வருகிறவன் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறான்.

அவர் வேலை செய்வதை ஒருநாள் கூடவே இருந்து பார்த்தேன். முதலில் எக்ஸ்ரே கருவி, பார்க்கத் துளைபோடும் மெஷின் மாதிரி இருக்கும். இரும்பு என்று காட்டியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது, அவருக்குப் போதவில்லை. வண்ணமே இல்லாத பக்கத்துப் பாறையிலும் வைத்தார், அங்கேயும் இரும்பு! இரண்டையும் ஒப்பிட்டால்தான் வண்ணத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியுமாம். அது எந்தக் கனிமம் என்று சொல்வது, லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் ராமன் நிறமாலை (நம்ம சி.வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த விளைவுதான்). அதில் லேசரை மிகக் குறைந்த சக்தியில் வைத்திருந்தார். மஞ்சள் காவியில் இருப்பது கோதைட் என்ற இரும்புக் கனிமம், சூடுபட்டால் அது சிவப்பு ஹெமடைட்டாக மாறிவிடும். லேசர் சூடே அதற்குப் போதும், அப்புறம் ஆதிமனிதன் சுட்ட காவியா நாம் சுட்டதா என்று யார் சொல்வது?

எத்தனை வருஷப் பழசு என்று கேட்டேன். வயதைக் கணிக்கக் கார்பன் வேண்டும், இரும்புக் காவியில் அது கிடையாது, வயது சொல்லாது. சில பாறைகளில் ஓவியத்தின்மேல் கால்சியம் ஆக்சலேட் படலம் படிந்திருக்கும், அதில் கார்பன் உண்டு, அதன் வயது தெரிந்தால் அடியிலுள்ள படம் அதைவிடப் பழையது என்றாவது சொல்லலாம். நான் கைக்குட்டையால் துடைத்தது ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

—

அண்ணே, உங்கள் தண்ணீர்க் கதையைப் படித்தேன். பாறைமேல் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகையில் தெரிந்த ஓர் அச்சை 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் புதைபடிவம் என்று 2021இல் ஆய்விதழில் எழுதினார்கள். பிறகு புளோரிடா பல்கலைக்கழகத்தார் போய்ப் பார்த்தால் அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. வெறும் தேன்கூடு! கண்டுபிடித்தவரே ஒப்புக்கொண்டார்.

படம் எடுக்கத் தண்ணீரெல்லாம் வேண்டாம், டிஸ்ட்ரெட்ச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, மங்கிய நிறங்களைப் பிரித்துக் காட்டும்.

—

தம்பி, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் எடுத்து, ஒன்றும் விழவில்லை என்று ஒதுக்கிய படம் இன்னும் இருந்தது. நேற்று ராத்திரி அதை நீ சொன்ன மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். விலங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் ஆள் முழுசாகத் தெரிகிறான்.