கோத்தகிரி தோட்டத்தில் நிற்கும் பழைய கேரவன்: எந்தக் கம்பெனி, எப்படிச் சரிசெய்வது?

கிழங்குக்காடு (கேட்பவர்)

வணக்கம். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் தேயிலை. ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் ஒரு கேரவன். இன்ஜின் கிடையாது, இழுத்துக்கொண்டு போகிற வகை. நான் பிறந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. ஊரில் ‘கூண்டு வண்டி’ என்பார்கள். கோழி அடைத்திருக்கிறோம், விதைக் கிழங்கு போட்டு வைத்திருக்கிறோம், ஒரு வருடம் சித்தப்பா வீட்டில் கோபித்துக்கொண்டு அதில்தான் படுத்திருந்தார்.

வீட்டில் சொல்லும் கதை இது: தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது சம்பளப் பாக்கிக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனார். லண்டனில் செய்து கப்பலில் வந்த வண்டி. அப்பாவுக்கு இதற்கு மேல் தெரியாது.

நீளம் 10 அடி, அகலம் 6 அடி. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். கதவு இடது பக்கம். ஒரே ஆக்சில், இரண்டு சக்கரம். கம்பெனிப் பெயர், நம்பர், பித்தளைத் தகடு எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால் முக்கோணச் சட்டத்தின் நுனியில் ஒரு கனமான இரும்பு வளையம் இருக்கிறது.

இப்போதைய தொல்லைகள்: கூரை ஒழுகுகிறது. முன்பக்க இடது மூலையில் விரல் வைத்தால் மரம் டீயில் நனைத்த வர்க்கி மாதிரி உள்ளே போகிறது. போன வாரம் சக்கரத்தைக் கழற்றப் பார்த்தேன். வலது பக்க நட்டுகள் முனகிக்கொண்டே வந்துவிட்டன. இடது பக்கத்தில் ஒன்று போல்ட்டோடு முறிந்துவிட்டது, மற்ற நான்கும் அசையவில்லை. அடுத்த நட்டுக்கு ஸ்பானரில் நான்கு அடி பைப் மாட்டலாமா?

உக்கடம் பட்டறை

தம்பி, பைப்பைக் கீழே போடுங்கள். முறிந்த போல்ட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ‘எல்’ என்ற எழுத்து வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நீங்கள் கழற்றவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

பழைய வண்டிப் பைத்தியம், கோவை

லண்டன் கதையை உடனே தள்ளிவிட வேண்டாம். பிரிட்டனில் கேரவன் தொழில் பழையது. பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் 1919-லேயே தொடங்கிவிட்டது. மலிவு விலை ஸ்ப்ரைட் 1949-ல் வந்தது. ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டியில் சட்டம் பெரும்பாலும் ஆஷ் என்கிற வெளிறிய மரம். முப்பதுகளின் வண்டிகள் பலவற்றில் கூரையின் நடுப்பகுதி மட்டும் ரயில் பெட்டி போல உயர்ந்து, பக்கத்தில் சின்ன ஜன்னல்கள் இருக்கும். கதவு இடது பக்கம் என்பது அவர்களுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும், அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என்னை உறுத்துவது அந்த வளையம். குடும்பத்தோடு சுற்றுலா போகிற பிரிட்டிஷ் கேரவனில் 2 அங்குல உருண்டை மேல் கவிழ்கிற கிண்ணம்தான் வழக்கம். வளையத்தைக் கொக்கியில் மாட்டுவது ராணுவ வழக்கம்.

கிழங்குக்காடு

‘எல்’ இருக்கிறது! எதிர்ப்பக்கம் திருப்பினேன், பத்து நிமிடத்தில் நான்கும் வந்துவிட்டன. முறிந்த ஒன்றுக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். 19 எம்எம் ஸ்பானர் சரியாக உட்கார்ந்தது. கூரை நடுவில் உயரமெல்லாம் இல்லை, பஸ் மாதிரி ஒரே வளைவுதான். மரம் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழுப்பாக இருக்கிறது.

மலைப்பாதை டிரைவர்

வெளி ஆளுக்கு விற்றுவிடுங்கள் ப்ரோ. ரிசார்ட்காரர்கள் இதற்கெல்லாம் நல்ல காசு தருவார்கள்.

உக்கடம் பட்டறை

விற்பது அவர் இஷ்டம். கேட்ட கேள்விக்கு வருவோம். 19 எம்எம் உட்கார்ந்தது என்றால் அது முக்கால் அங்குலம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் விட்வொர்த் அளவு, அது நட்டு போல்ட்டுக்கு அவர்கள் வைத்திருந்த தனிக் கணக்கு. நம் மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்று ஆடும் அல்லது நுழையாது. முக்கால் அங்குல நட்டு, இடது மரை, ஐந்து போல்ட், முன்னால் வளையம். எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து சொல்லுங்கள். டயரில் அளவு தெரிகிறதா?

கிழங்குக்காடு

டயர் ஓரத்தில் 6.00-16. போல்ட் இடைவெளி 3 அங்குலம் 2 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்), ஒரு மயிரிழை குறைவு.

உக்கடம் பட்டறை

நினைத்தேன். ஐந்து போல்ட்டும் அமர்கிற வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம் என்றால் பக்கத்துப் போல்ட் 3.23 அங்குலத்தில் வரும். அது வில்லிஸ் ஜீப்பின் அளவு. 6.00-16 டயரும் ஜீப் டயர். இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை வைப்பதும் அந்தக் கால ஜீப்பில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லர் வந்தது. சக்கரமும் ஜீப்புக்கும் அதற்கும் ஒன்றே, முன்னால் வளையம். போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாத வண்டிகளை டிஸ்போசலில் ஏலம் விட்டது. நம் பக்கம் பழைய பட்டறைக்காரர்கள் ‘டிஸ்போசல் வண்டி’ என்றே சொல்வார்கள். உங்கள் கேரவனுக்குக் கால் அங்கிருந்து வந்திருக்கிறது. உடம்பு வேறு யாரோ கட்டியது.

ஒரு எச்சரிக்கை. அந்த டிரெய்லர் கால் டன் சுமைக்குச் செய்தது. அமெரிக்கக் கணக்கில் 500 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 227 கிலோ. ஓட்டத்தில் பிடிக்கிற பிரேக்கும் அதில் கிடையாது, நிறுத்தி வைக்கக் கை பிரேக் மட்டும்தான். அதன் மேல் 10 அடிக் கூடு உட்கார்ந்திருக்கிறது. மலை ரோட்டில் பின்னால் மாட்டிக்கொண்டு இறங்குகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்றால் லாரியில் ஏற்றித்தான்.

கரூர் பாடி கட்டுபவன்

முப்பது வருடமாகப் பஸ் பாடி கட்டுகிறேன். மரத்தை ஒரு மூலையில் உளியால் லேசாகச் சீவி முகர்ந்து பாருங்கள். தோல் செருப்புக் கடை வாசனை அடித்து, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் தேக்கு. சீமையில் கேரவனுக்குத் தேக்குச் சட்டம் போடுகிற அளவுக்கு யாருக்கும் மனசு வந்திருக்காது.

ஒழுகலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தப்பு செய்கிற இடம் அதுதான். தண்ணீர் தகட்டின் நடுவில் இறங்காது. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற விளிம்பில் ஒரு பட்டி அடித்திருக்கும் பாருங்கள், அந்தப் பட்டியின் ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கும். மரம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மேலே தாரோ சிலிக்கானோ பூசினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போகும். சிலிக்கான் பூசின இடத்தில் பெயின்டும் பிடிக்காது. (யாரோ ஏற்கெனவே தார் பூசியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன்.)

பட்டியை முழுசாகக் கழற்றுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே குறுக்குமறுக்காக ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துக் கூட்டைப் பிடித்துவையுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கத் தகட்டை எடுத்ததும் முழுக் கூடும் கோணிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு சுவர்தான். பழைய தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புதுத் தகட்டுக்கு அதுதான் அளவு. உளுத்த மரத்தை நல்ல மரம் வரும் வரை வெட்டி, புது மரத்தைச் சாய்வு வெட்டாக இணையுங்கள்: 1 அங்குலக் கனத்துக்கு 8 அங்குலச் சாய்வு. ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். இரும்பு ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் ஒத்துப்போகாது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியத்தை வெறுமனே தொடக் கூடாது, அதனால் பட்டிக்கு அடியிலும் ஸ்க்ரூவின் கழுத்திலும் பியூட்டைல் டேப், ரப்பர் மாதிரி ஒட்டுகிற பட்டை. பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், அதுதான் மரைன் பிளை. கடைக்காரர் 303-ஐக் காட்டி அதேதான் என்பார். அதே இல்லை.

பொங்கல் கழிந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் கூரையைத் திறந்தால் உங்களைக் காப்பாற்ற ஆளில்லை. உறைபனி விழுகிற ராத்திரிகளில் பசையும் இறுகாது, வெயில் ஏறின பிறகு ஒட்டுங்கள்.

பழைய வண்டிப் பைத்தியம், கோவை

பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். அதில் ஈயம் இருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, மாஸ்க் போட்டு, கோழிகளைத் தூரம் விரட்டிவிட்டு. அப்புறம், ரோட்டில் ஏற்றினால் டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்றால் அந்தத் தலைவலி இல்லை.

கிழங்குக்காடு

தேக்குதான். அப்பாவும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். தார் பூசியதும் அவர்தான், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணா.

இன்று முன்சுவரின் உள் பிளைவுட்டைக் கழற்றினோம். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் குளிருக்காக இருக்கும், தமிழ் நாளிதழ்த் தாளை மடித்து மடித்து ஒட்டியிருக்கிறார்கள். பத்திரிகைப் பெயரும் தேதியும் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு தைல விளம்பரம் மட்டும் முழுசாக இருக்கிறது: புட்டி 12 அணா.

பழைய வண்டிப் பைத்தியம், கோவை

அருமை! நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ம் தேதி. வெறும் அணாவில் விலை போட்டிருக்கிறது என்றால் தாள் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்போசல் ஆக்சில் என்பதால் 1945-க்குப் பிந்தையது. இடையில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம்.

கரூர் பாடி கட்டுபவன்

அவசரப்படாதீர்கள் சார். எங்கள் பட்டறையில் இப்போதும் இருபது வருடத்துக்கு முந்தைய பேப்பர் கிடக்கிறது. தாள் பழையதாக இருக்கலாம், ஒட்டினவர் பின்னால் ஒட்டியிருக்கலாம்.

கிழங்குக்காடு

எனக்கு வருடம் இனிப் பெரிய விஷயமில்லை. தாளைச் சுரண்டின இடத்தில், சட்டத்தின் மேல் தச்சரின் பென்சில் எழுத்து இருக்கிறது. ‘இட 3’, ‘இட 4’ என்று வரிசையாக. நான்காவதில் மட்டும் ‘2 அடி 5 நூல்’ என்று எழுதி, 5-ஐ அடித்துவிட்டு 6. அந்தத் துண்டு மட்டும் ஒரு நூல் தடிமனான சிம்பு வைத்து நிரப்பியிருக்கிறது. ஒரு தடவை குறைத்து அறுத்துவிட்டிருக்கிறார்.

போட்டோவை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் பெரிய அத்தைக்கு அனுப்பினேன். அவருக்கு 83 வயது. உடனே போன் செய்தார். ஒரு ஆசாரி மூன்று மாதம் எங்கள் திண்ணையில் தங்கி வேலை செய்தாராம், ராத்திரியில் அத்தைக்கு மிச்ச மரத்தில் பம்பரம் செதுக்கிக் கொடுத்தாராம். பெயர் ஞாபகமில்லை, ராகிக் களிக்குத் தினமும் இரண்டாவது உருண்டை கேட்பார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. துரை யார் என்று கேட்டேன். “எந்தத் துரை? எங்கப்பா ஏலத்துல ரெண்டு சக்கரம் எடுத்தாரு” என்றார்.

முறிந்த போல்ட்டுக்கு உக்கடத்தில் இடது மரையில் ஒன்று கிடைக்குமா, இல்லை லேத்தில் கடைய வேண்டுமா?

உக்கடம் பட்டறை

பழையதைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள் தம்பி. ஜீப் சாமான் வைத்திருக்கிற கடை ஒன்று காட்டுகிறேன். அங்கே இல்லையென்றால் பக்கத்திலேயே லேத். ஞாயிறு மட்டும் வேண்டாம்.