போரும் இன அழிப்பும் பேசும் சிறார் நாவல்கள்: வகுப்பில் நடந்தவை

ஆங்கில ஆசிரியை, லண்டன்

இங்கிலாந்தில் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்திட்டத்தில் யூத இன அழிப்பு உண்டு. ஆங்கில வகுப்பில் அதையொட்டி ஒரு நாவலும் வைப்பார்கள். பல பள்ளிகளில் அது ஜான் பாயின் 2006இல் எழுதிய ‘தி பாய் இன் த ஸ்ட்ரைப்டு பஜாமாஸ்’. பிள்ளைகள் அதைக் கீழே வைக்க மாட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் பாதி வகுப்பு கண்ணைத் துடைக்கும்.

ஒரு முறை முடித்த கையோடு, “யாருக்காக அழுதீர்கள்?” என்று எழுதித் தரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் புரூனோ, அதாவது நாஜி வதைமுகாம் தலைமை அதிகாரியின் மகன். வேலிக்கு அந்தப் பக்கம் முகாமுக்குள் இருந்த யூதச் சிறுவன் ஷ்முயெல் மிகச் சில தாள்களில் மட்டும். கதை முடிவில் இருவரும் சேர்ந்தே நச்சுவாயு அறையில் சாகிறார்கள். ஒரு பையன் ‘தப்பான ஆள் செத்துட்டான்’ என்று எழுதியிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படியென்றால் சாக வேண்டிய ஆள் யார்?

பையனைக் குறை சொல்ல முடியாது, கதை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாஜி ஜெர்மனியில் பள்ளிப் பாடத்திலேயே யூத வெறுப்பு இருந்தது. ஒரு முகாம் அதிகாரியின் ஒன்பது வயது மகனுக்கு யூதர் என்றால் யாரென்றே தெரியாது என்பதை நம்பவே முடியாது. போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வந்து இறங்கியதுமே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். மின்வேலி ஓரம் உட்கார்ந்து நாள்தோறும் பேச ஷ்முயெல் மாதிரி ஒரு பையன் மிஞ்சியிருப்பது மிக அரிது. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் நடத்துபவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020 ஜனவரியில் சொன்னது. கற்பனைதானே என்று நாம் சமாதானம் சொல்லலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைச் சரித்திரமாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

இப்போது நான் நடத்துவது லோயிஸ் லௌரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ (1989). 1943இல் டென்மார்க் யூதர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாஜிகளிடமிருந்து படகுகளில் சுவீடனுக்குத் தப்பியதுதான் பின்னணி. கதையில் யூதச் சிறுமி எலனின் குடும்பம் தப்பிவிடுகிறது. நிஜத்தில் கில்லெலேயா என்ற மீனவ ஊரில், தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த எண்பது பேரளவில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவிடம் பிடிபட்டார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஏற்றிச் சென்ற மீனவர்கள் பலர் நல்ல தொகை வாங்கினார்கள் என்பதையும். “காசு வாங்கினால் அது உதவியா?” என்று ஒரு மாணவி கேட்க, அந்த வகுப்பு முழுக்க அதிலேயே போனது. நான் நடத்தியதிலேயே எனக்குப் பிடித்த வகுப்பு அது.

ஓர் அம்மா, டொராண்டோ

அக்கா, அதே டென்மார்க் கதையை என் மகளும் ஆறாம் வகுப்பில் படித்தாள். ‘உங்கள் குடும்பத்தில் யாராவது இப்படி ஒளிந்திருந்தார்களா?’ என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் நேரே அம்மம்மாவிடம் போய்விட்டாள்.

அம்மம்மா என்றால் என் அம்மா. அவர் 1983 ஜூலையில் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தவர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கலவரக்காரர்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்த நாட்கள். பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று அவரை ஒளித்து வைத்தது. பிறகு அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் வடக்கே காங்கேசன்துறை. அதுவரை எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

“அவை உங்களைக் காட்டிக் குடுக்கேல்லையோ அம்மம்மா?” என்று மகள் கேட்டாள்.

“அவை குடுக்கேல்லை. எங்கட வீட்டைக் காட்டினது எதிர்வீட்டு ஆள். எனக்குச் சைக்கிள் பழக்கினவர்.”

இதை அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதன்பின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மகள் வகுப்பில் எதையும் சொல்ல மறுத்துவிட்டாள். நான் பள்ளிக்குப் போய்ப் பேசினேன். கதையை நிறுத்த வேண்டாம், நல்ல கதை. ஆனால் இப்படி ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கும் முன் பெற்றோருக்கு ஒரு வரி எழுதுங்கள், வகுப்பில் போரிலிருந்து தப்பி வந்த வீடுகள் எத்தனையோ இருக்கும் என்றேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். விருப்பமிருந்தால் எழுதலாம் என்று அதை மாற்றினார்.

பள்ளி ஆசிரியர், கோயம்புத்தூர்

நான் சின்ன வகுப்புகளுக்கு ஜூடித் கெர்ரின் ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’ (1971) வாசித்துக் காட்டுகிறேன். முகாமோ கொலையோ அதில் கண்முன் வராது. 1933 தேர்தலை ஒட்டி ஒரு யூதக் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்புகிறது, ஒன்பது வயது ஆன்னா தன் பொம்மை முயலை விட்டுவிட்டு வருகிறாள், அவ்வளவுதான். “இன்னும் எதுவுமே நடக்கலையே, ஏன் சார் கிளம்புறாங்க?” என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். அங்கிருந்து தேர்தல், பறிக்கப்பட்ட வேலைகள், எரிக்கப்பட்ட புத்தகங்கள் என்று பேச்சு தானாக நகர்கிறது.

லண்டன் மேடத்திடம் ஒன்று கேட்க வேண்டும். “யாருக்காக அழுதீர்கள்” என்று கேட்கப் போவதைக் கதை தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா? முன்பே சொன்னால் நமக்குப் பிடித்த மாதிரி எழுதிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்பில் செய்து பார்க்கப் போகிறேன்.