ராத்திரியில நைனாவுக்கு கெண்டைக்கால் இழுத்துக்குது, மக்னீசியம் மாத்திரை வாங்கலாமா?

குடியாத்தம் தறிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க நைனாவுக்கு வயசு 63. குழித்தறியில லுங்கி நெய்யறாரு. சித்திரை பொறந்ததுல இருந்து அப்பப்போ ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு கெண்டைக்கால்ல குரக்களி புடிச்சுக்குது. "அய்யோ"ன்னு எழுந்து உக்காந்துக்கறாரு. தொட்டுப் பார்த்தா சதை உருண்டு கல்லு மாதிரி நிக்குது. கொஞ்ச நேரத்துல விட்டுடும், ஆனா மறுநாள் தறி மிதியை மிதிக்கும்போது அந்த இடம் நோவுதுன்றாரு. சில வாரம் வரவே வராது.

பக்கத்து வீட்டு அண்ணன் மெடிக்கல்ல மக்னீசியம் மாத்திரை வாங்கிக் குடுன்றாரு. மாமா ஓ.ஆர்.எஸ் பவுடரை தினமும் கலக்கிக் குடுன்றாரு. அத்தை பாய்க்கு அடியில சோப்பு வைக்கச் சொல்றாங்க. நைனா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறாரு, சுகர் இல்லை. தறியில உக்காந்தா எழுந்திருக்கணுமேன்னு தண்ணியும் சரியா குடிக்க மாட்டாரு. எதைச் செய்யறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆம்பூர் பொண்ணு:

அண்ணா, நான் ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன். மாசமா இருந்தப்போ ஏழாம் மாசத்துல இருந்து எனக்கும் இதே தொந்தரவு. எங்க மாமியார் நல்லெண்ணெயை லேசா சூடு பண்ணி கெண்டைக்கால்ல தேய்ச்சு விடுவாங்க, சுகமா இருக்கும். கல்லுப்பு போட்ட வெந்நீர்ல கால் வச்சுட்டுத்தான் படுப்பேன். குழந்தை பொறந்ததும் தானா நின்னுடுச்சு.

காட்பாடி நர்ஸம்மா:

தம்பி, நான் வார்டுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. நைனா மாதிரி கால் புடிச்சுக்கிட்டு துடிச்சவங்களை நிறைய பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல, இழுத்துக்கிட்ட அந்த நிமிஷம். பதறிப்போய் சதையைப் போட்டு பிசையாதீங்க. முட்டியை நேரா நீட்டச் சொல்லி, கால் விரல்களைப் புடிச்சு முகத்தைப் பார்க்கற மாதிரி மெதுவா மடக்குங்க. உருண்ட சதை உங்க கைக்குக் கீழயே இளகறது தெரியும். தனியா இருந்தா எழுந்து நின்னு குதிகாலைத் தரையில அழுத்தணும், இல்லைன்னா துண்டைப் பாதத்துல மாட்டி தன் பக்கம் இழுத்துக்கலாம். விட்டதுக்கு அப்புறம் எண்ணெய் தேய்ங்க, நொச்சி இலையை வதக்கித் துணியில கட்டி ஒத்தடம் குடுங்க. ஆம்பூர் பொண்ணு சொன்ன வெந்நீரும் நல்லதுதான். ஆனா சுகர் இருந்து பாதம் மரத்துப்போனவங்க வீட்டுல வேற யாராவது கை விட்டு சூடு பார்த்த பிறகுதான் காலை வைக்கணும். சூடு உறைக்காம பாதம் வெந்துபோய் வந்தவங்களுக்கு கட்டுப் போட்டிருக்கேன்.

இப்ப நைனா தொழிலுக்கு வரேன். மிதி மிதிக்கும்போது பாதம் கீழ்ப்பக்கமாவே போகுது, கெண்டைச்சதை நாள் முழுக்க சுருங்கிச் சுருங்கி வேலை செய்யுது. படுத்தாலும் பாதம் அதே மாதிரி கீழே சாயுது. ஏற்கெனவே குறுகிக் கிடக்கற சதை இன்னும் கொஞ்சம் சுருங்கினாப் போதும், பூட்டிக்கும். அதனால படுக்கறதுக்கு முன்னாடி சுவத்துல ரெண்டு உள்ளங்கையும் ஊணி, ஒரு காலைப் பின்னாடி வச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பாம முன்னால சாயச் சொல்லுங்க. பின்சதை இழுக்கணும், வலிக்கக் கூடாது. முப்பது எண்ணற வரைக்கும் அப்படியே நிக்கணும். காலுக்கு மூணு தடவை. நெதர்லாந்துல 55 வயசு தாண்டினவங்களை 6 வாரம் படுக்கப் போகும் முன்னாடி இப்படி கால் நீட்டச் சொல்லிப் பார்த்தாங்க, 2012ல முடிவு வெளிவந்துச்சு. குரக்களி நல்லாவே குறைஞ்சிருந்தது. போர்வையைப் பாதத்துக்கு அடியில இறுக்கிச் சொருகிக்கற பழக்கம் இருந்தா அதையும் விடச் சொல்லுங்க.

மக்னீசியம் மாத்திரைக்கு நான் காசு செலவு பண்ண மாட்டேன். காக்ரேன் அமைப்பு இதைப் பத்தின ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா வச்சுப் பார்த்து, வயசானவங்க குரக்களிக்கு அது பெருசா உதவற மாதிரி தெரியலைன்னு 2020ல சொல்லிடுச்சு. மாசமா இருக்கறவங்க விஷயத்துல இன்னும் ஒரு முடிவுக்கு வரலை. அளவு மீறினா வயித்தால போகும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு உடம்புல தங்கிடும், ஆபத்து. சத்து தட்டுல இருந்து வரட்டும். கேழ்வரகு 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, மக்னீசியமும் நூத்துக்கு மேல. களியும் முருங்கைக்கீரையும், சாயந்திரம் ஒரு கை அவிச்ச மல்லாட்டையும் (வேர்க்கடலை) நம்ம பக்கத்துல யாருக்குக் கிடைக்காது?

ஓ.ஆர்.எஸ் பேதிக்கானது. ஒரு லிட்டர்ல 2.6 கிராம் உப்பு இருக்கு, பிரஷர்காரருக்கு அதை தினமும் குடுக்கவே கூடாது. நம்ம வேலூர் வெயிலுக்கு வெறும் தண்ணி போதும், சொம்புல ஊத்தி தறிகிட்டயே வச்சுடுங்க. சோப்பு வைக்கறதுல கெடுதல் இல்லை, அத்தை மனசு நோகாம வச்சுட்டுப் போங்க.

நைனாவோட பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்து பேரைப் போடுங்க தம்பி. பீடி புடிப்பாரா, நடந்தா கால் வலிச்சு நின்னா விடுதா, அதையும் கேட்டுச் சொல்லுங்க.

ராணிப்பேட்டை மாமா:

எங்கப்பா காலத்துல இதுக்கு கொய்னா மாத்திரை குடுப்பாங்க. ஒண்ணு போட்டா ஒரு மாசம் வராது. இப்ப கிடைக்குதான்னு விசாரிச்சுப் பாருப்பா.

காட்பாடி நர்ஸம்மா:

ஐயா, வேண்டாங்க. கொய்னா குரக்களியைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனா ரத்தத்துல தட்டணுக்களைக் குறைச்சு, இதயத் துடிப்பையும் கெடுத்து உயிருக்கே உலை வச்சிருக்கு. கால் இழுப்புக்கு அதைக் குடுக்காதீங்கன்னு அமெரிக்க மருந்துத் துறை 2006லயே எச்சரிச்சுடுச்சு. மலேரியாவுக்கு டாக்டர் குடுத்தா அது வேற விஷயம்.

குடியாத்தம் தறிவீடு:

அம்மா, ரொம்ப நன்றி. அட்டையில டெல்மிசார்டன், குளோர்தாலிடோன்னு ரெண்டு பேர் போட்டிருக்கு. பங்குனி கடைசியிலதான் டாக்டர் இதுக்கு மாத்தினாரு. பீடி முன்னாடி உண்டு, விட்டுட்டாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்காம நடப்பாரு, கால் வலி இல்லை. வீட்டுல எளநி வாங்கி வச்சிருக்கோம், தினமும் குடுக்கலாமா?

காட்பாடி நர்ஸம்மா:

தம்பி, மாத்திரை மாத்தினதும் குரக்களி ஆரம்பிச்சதும் ஒட்டி வருது பாருங்க. குளோர்தாலிடோன் தண்ணி மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகமா போக வைக்கறது. சிறுநீரோட பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளும். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைப் பிடிச்சு வைக்கும். அவர் உடம்புல எது ஓங்கி நிக்குதுன்னு கண்ணால சொல்ல முடியாது, ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் எளநி தினமும் வேண்டாம், அதுல பொட்டாசியம் அதிகம். இந்த வாரமே அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், மாத்தினதுக்கு அப்புறம் கால் இழுக்குதுன்னு சொல்லி, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, சிவந்து, வலி விடாம இருந்தா அது குரக்களி இல்லை. ரத்தக்கட்டியா இருக்கலாம். அன்னைக்கே, நேரம் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

ஆரணி பட்டுத்தறி:

தம்பி, நானும் தறிக்காரன்தான். நர்ஸம்மா சொன்ன அந்த நீட்டலை தறியிலயே செய்யலாம். ஒவ்வொரு தடவை நாடாவுல நூல் சுத்தின தார் மாத்தும்போதும் மிதியை விட்டு காலை எடுத்து, குழிக்குள்ள முன்சுவர்ல பாதத்து நுனியை ஊணி, குதிகாலைக் கீழே அழுத்தச் சொல்லு. அப்படியே சொம்புல இருந்து நாலு மடக்கு தண்ணி. நானும் இப்படித்தான் பண்றேன், நெசவுக்கு ஒண்ணும் கெடறதில்லை.